காப்பிரைட் புகார் என்று சொல்லி நெட்டை நிறுத்திவிட்டார்களா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"உங்க லைன்ல திருட்டுப் படம் இறக்கியிருக்காங்க சார், கம்பெனிக்கு மெயில் வந்திருக்கு. ஐயாயிரம் கட்டினா திறந்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால், பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பென்னாகரம் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இதே வாசகத்தோடுதான் கலெக்‌ஷன் தம்பி வந்தார். யாரிடம் போவது, என்ன கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்துதான் கற்றுக்கொண்டோம். கேபிள்காரர் வழியாக நெட் எடுத்தவர், பெரிய நிறுவனத்தில் எடுத்தவர், ஓசூரில் அறை நண்பர்களோடு ஒரே லைனைப் பகிர்பவர் எல்லோருக்கும் இந்த வழி பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காப்பிரைட் மீறலுக்காக வாடிக்கையாளருக்கு அபராதம் போடும் அதிகாரத்தை இந்தியாவில் எந்தச் சட்டமும் இணைய நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை. தண்டனையோ இழப்பீடோ நீதிமன்றம் சொல்ல வேண்டியது. இணைப்பை நிறுத்தி வைக்க நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இடம் இருக்கலாம், அது வேறு விஷயம். அபராதத்தையும் நிறுத்தி வைப்பதையும் ஒன்றாகக் குழப்பித்தான் பணம் கேட்கிறார்கள்.

1. நின்றது எதனால் என்று பாருங்கள்

ரூட்டர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. ரோடு தோண்டுபவர்கள் புண்ணியம். காப்பிரைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பான் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தோ சிவந்தோ இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது, உங்கள் கணக்கைத்தான் நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். அதை உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு குறிப்பிட்ட தளம் மட்டும் திறக்காமல், அரசு உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்று வந்தால் அது தண்டனை இல்லை. புதுப் படம் வெளியாகும்போது தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்குவார்கள், எல்லா நிறுவனங்களும் அந்தத் தளங்களை மூடும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

மூன்றாவது வகை, மோசடி. திரை முழுக்க அசோகச் சக்கரம் போட்டு, "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, அபராதம் கட்டவும்" என்று கார்டு எண் கேட்கும் பக்கம் போலி. எஸ்கேப் அல்லது எஃப்11 அழுத்தி வெளியே வாருங்கள், முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். டிராயிலிருந்து (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் லைன் துண்டிக்கப்படும் என்று வரும் அழைப்பும் அதே ரகம். டிராய் தனி வாடிக்கையாளரை அழைத்து இணைப்பைத் துண்டிப்பதே இல்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐ அழையுங்கள். பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் பதியலாம்.

இவை எதுவும் இல்லாமல் நிறுவனமே நிறுத்தியிருந்தால் மேலே படியுங்கள்.

2. பணம் கட்டாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்

வாயால் சொன்னது எதற்கும் பின்னால் சாட்சி இருக்காது. "ஜிபே பண்ணிடுங்க, பேசி முடிச்சிடலாம்" என்று ஊழியரின் சொந்த எண்ணைக் கொடுத்தால் கண்டிப்பாக வேண்டாம். ஒருமுறை கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகவே பின்னால் பேசுவார்கள், பணமும் திரும்பாது. உண்மையிலேயே நிறுவனத்தின் கட்டணம் என்றால் அதற்கு ஜிஎஸ்டி எண்ணோடு பில் தரட்டும். 499 ரூபாய் பிளானுக்கு 18 சதவீத வரி சேர்த்து 588.82 என்று பைசா விடாமல் போடுகிறவர்கள், ஐயாயிரத்துக்குத் துண்டுச் சீட்டுக்கூடத் தர மறுத்தால் என்ன அர்த்தம் என்று நீங்களே யோசியுங்கள்.

நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு இப்படி எழுதுங்கள்:

"எனது இணைப்பு எண் ____. ____ தேதியிலிருந்து சேவை நிறுத்தப்பட்டுள்ளது. பதிப்புரிமை மீறல் புகாரே காரணம் என வாய்மொழியாகத் தெரிவித்தீர்கள். புகாரின் நகல், புகார் கொடுத்தவர் பெயர், குறிப்பிடப்படும் படைப்பு, சம்பவத் தேதி, நேரம், நேர மண்டலம், ஐபி முகவரி, போர்ட் எண், அது என் இணைப்புதான் என்று முடிவு செய்த முறை, எந்த ஒப்பந்த விதியின்படி நிறுத்தினீர்கள், கேட்கும் தொகைக்கு ஆதாரம் எது ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகத் தரவும். பதில் வரும்வரை புகாரை நான் ஏற்கவில்லை. சேவையை உடனே மீண்டும் வழங்கவும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், கவுன்ட்டரில் பதிவுச் சேவையையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெயிலில் அதன் எழுத்து மறைந்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுப்பது நல்லது.

"லைசென்ஸ்ல இருக்கு, நாங்க கட் பண்ணியே ஆகணும்" என்று பதில் வரலாம். அரைகுறை உண்மை. காப்பிரைட்டை மீறும் தகவல் வலையமைப்பில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அமலாக்க அமைப்புகள் குறிப்பிட்டுச் சொன்னால் அதை உடனே தடுக்க வேண்டும் என்று உரிம நிபந்தனை சொல்கிறது. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கு என்று சொல்லவில்லை. "எங்களுக்கே ஃபைன் போட்டுட்டாங்க, அதைத்தான் உங்ககிட்ட கேக்கறோம்" என்றால், அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். வெறும் குழாய் போலத் தகவலைக் கடத்தும் நிறுவனத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 79 பொதுவாகப் பாதுகாப்பு தருகிறது.

எங்களிடம் பேசிய ஒருவர் குண்டர் சட்டம் பாயும் என்று மிரட்டும் வரை போனார். தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருட்டைச் சேர்த்தது உண்மைதான். ஆனால் மாவட்டத்தில் அந்தத் தடுப்புக் காவல் உத்தரவைப் போடுவது கலெக்டர். கேபிள் ஆபீஸ் மேஜையில் அந்த உத்தரவு தயாராவதில்லை.

3. வந்த புகாரை இப்படிப் படியுங்கள்

பெரும்பாலும் இது வெளிநாட்டுக் கண்காணிப்பு நிறுவனங்கள் தானியங்கியாக அனுப்பும் ஆங்கில மின்னஞ்சலாக இருக்கும். டொரண்டில் (கோப்புகளை ஒருவருக்கொருவர் நேரடியாகப் பகிரும் முறை) ஒரு படம் பகிரப்படும்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று அவர்களின் நிரல் பார்த்து, ஐபி (இணையத்தில் இணைப்பின் முகவரி எண்), போர்ட் (அந்த முகவரிக்குள் ஒவ்வொரு தொடர்பையும் பிரித்துக் காட்டும் எண்), நேரம், கோப்பின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும். அதில் உங்கள் பெயர் இருக்காது. அந்த ஐபியை உங்கள் பெயரோடு சேர்ப்பது உள்ளூர் நிறுவனம். தவறு நடக்கும் இடமும் அதுதான்.

முதல் சிக்கல் நேரம். புகாரில் இருப்பது பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 14ஆம் தேதி 18:45 என்று இருந்தால் இங்கே 15ஆம் தேதி நள்ளிரவு 12:15. தேதியே மாறிவிடும். எங்கள் மேல் வந்த புகாரில் 06:10 என்று இருந்தது. "காலையில ஆறு மணிக்கு எல்லாரும் வீட்லதானே இருந்தீங்க?" என்று கேட்டார்கள். கூட்டிப் பார்த்தால் பகல் 11:40. அன்று எங்கள் பகுதிக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை. எங்கள் ரூட்டருக்கு யுபிஎஸ்ஸும் கிடையாது. முந்தின நாள் செய்தித்தாளில் வந்த மின்தடை அறிவிப்பை வெட்டி வைத்ததுதான் எங்கள் முதல் ஆவணம். உங்கள் தேதிக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: மின்தடை, ஊருக்குப் போயிருந்த பஸ் டிக்கெட், லைன் பழுது என்று நீங்களே கொடுத்திருந்த பழைய புகார் எண்.

இரண்டாவது சிக்கல் ஐபி. நம் பக்கம் பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் வீடும் அப்படியா என்று நீங்களே சோதிக்கலாம். லைன் ஓடும்போது ரூட்டர் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) ஸ்டேட்டஸ் பகுதியில் வான் ஐபியை (WAN IP, நிறுவனம் உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ, 10 என்றோ தொடங்கினால் நீங்கள் பகிர்வு ஐபியில் இருக்கிறீர்கள். அந்த நிலையில் ஐபி முகவரியை மட்டும் வைத்து வீட்டைச் சொல்லவே முடியாது. அந்த நொடியில் அந்தப் போர்ட் எண் யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்ற பதிவு வேண்டும். இப்படிப்பட்ட பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தியது. அதனால் "லாக் அழிஞ்சிடுச்சு சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். போர்ட் எண்ணைக் கேட்டதும் எங்களிடம் பேசியவரின் குரலே மாறிவிட்டது.

4. வீட்டுக்குள்ளும் ஒருமுறை விசாரியுங்கள்

புகார் உண்மையாகவும் இருக்கலாம். ஓசூர் சிப்காட் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த அறை என்றால், யாரோ ஒருவர் லேப்டாப்பில் டொரண்டைத் திறந்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போயிருப்பார். டொரண்டில் இறக்கும்போதே அது மற்றவர்களுக்கு அனுப்பவும் செய்யும். புகார் வருவது பெரும்பாலும் அந்த அனுப்பலுக்காக. எல்லாச் சேனலும் இலவசம் என்று விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளிலும், இலவசப் பட ஆப்களிலும் சில இதே முறையில் பின்னணியில் ஓடுகின்றன. வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியவே தெரியாது.

ரூட்டரை ரீசெட் செய்யத்தான் முதலில் கை போகும். வேண்டாம், சாட்சி போய்விடும். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல், வான் ஐபி, சிஸ்டம் லாக் மூன்றையும் முதலில் போட்டோ எடுங்கள். அதன் பிறகு வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை (கடவுச்சொல் இல்லாமலே பட்டன் அழுத்தி இணைக்கும் வசதி) அணைத்து, ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பல வீடுகளில் வைஃபை கடவுச்சொல் வீட்டுக்காரரின் மொபைல் எண்தான். தெருவே உள்ளே இருக்கும்.

இணைப்பு வீட்டு ஓனர் பெயரில் இருந்தால் இன்னொரு கண்ணி. புகார் கொடுக்க வேண்டியவர் அவர். ஒரு கடிதத்தில் அதிகாரம் எழுதி வாங்குங்கள், அல்லது உங்கள் கணக்கிலிருந்து மாதப் பணம் போன பதிவைச் சேர்த்து வையுங்கள். பயனாளியாக நீங்களும் நுகர்வோர்தான் என்று வாதிட அது உதவும்.

5. கோப்பில் இருக்க வேண்டியவை

இணைப்பு விண்ணப்பம் அல்லது ஒப்பந்த நகல் (உங்களிடம் இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்), கடைசி ஆறு மாத பில்களும் பணம் கட்டிய பதிவும், நிறுத்தியது பற்றிய குறுஞ்செய்தி அல்லது வாட்ஸ்அப் பதிவு, விளக்குகளின் போட்டோ, நீங்கள் எழுதிய கடிதம், தபால் ரசீது, புகார் எண்கள், அடையாளச் சான்று. நெட் இல்லாததால் ஆன செலவு இருந்தால் அதற்கான பில்லும்: மொபைல் டேட்டா ரீசார்ஜ், பிள்ளைக்கு விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டரில் கொடுத்தது. சின்னத் தொகைதான், ஆனால் இழப்பீடு கேட்கும்போது கணக்கு காட்ட வேண்டும்.

6. புகார் ஏறும் படிகள், செலவு, காலம்

நிறுவனத்தின் புகார் மையம் முதல் படி. அழைத்ததும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். கேபிள்காரரிடம் சொன்னது புகார் ஆகாது. அவர் ஏஜென்ட், உரிமம் பெற்ற நிறுவனம் வேறு. அதன் பெயர் பில்லின் மேல் மூலையிலோ அடியிலோ சிறு எழுத்தில் இருக்கும்.

பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராயின் 2012 விதிமுறைப்படி இதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பழைய புகார் எண் இல்லாமல் மேல்முறையீடு ஏறாது. புகார் மையம், மேல்முறையீடு இரண்டின் தொடர்பு விவரங்களும் டிராய் தளத்தில் இருக்கின்றன. டிராய்க்கே நேரடியாக எழுதிப் பயனில்லை, அவர்கள் தனிப்பட்ட புகாரை விசாரிப்பதில்லை.

அங்கேயும் நடக்காவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். இலவசம். 2024 ஆகஸ்ட் வழிகாட்டுதல்படி 21 நாளில் தீர்க்க வேண்டும். கூடவே 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதியலாம். எங்களுக்கு லைன் திரும்பியது இந்தக் கட்டத்தில்தான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, ஒரு நாள் காலை விளக்கு பச்சையானது. உங்களுக்கும் அப்படித் திரும்பினால், அபராதக் கோரிக்கையைக் கைவிட்டதாக ஒரு வரி மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த மாத பில்லில் பழைய பாக்கி என்று வந்து நிற்கும்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தருமபுரிக்குத் தனி, கிருஷ்ணகிரிக்குத் தனி. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 சட்டம் அதை அனுமதிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். உறுதிமொழிப் பத்திரத்துக்கு நோட்டரி செலவு, ஸ்கேன், ஜெராக்ஸ் இவைதான் கைச்செலவு. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள். நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். அதனால் வழக்கு முடியும்வரை இணைப்பைத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

இதில் இரண்டு பொறிகள். தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது என்று எதிர்த்தரப்பு சொல்லும். நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. மற்றொன்று, கோபத்தில் "ஒப்பந்தமே நியாயமற்றது, ரத்து செய்ய வேண்டும்" என்று எழுதினால் அது மாநில ஆணையத்தின் வேலை, மாவட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. போலீஸ் நோட்டீஸ் வந்தால்

இது அரிது, வந்தால் விளையாட்டில்லை. காப்பிரைட் சட்டம் 1957 பிரிவு 63இன்படி தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "தெரிந்தே" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லைன் உங்கள் பெயரில் இருப்பது மட்டுமே அதை நிரூபிக்காது. தியேட்டரில் படம் பிடித்த விஷயம் என்றால் 2023இல் திருத்திய திரைப்படச் சட்டம் தனியாக வரும்.

நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது எந்த நிலையம், எந்தப் பிரிவு, வழக்கு எண் என்ன என்று பார்த்து, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் வீடியோ காலில் விசாரணை, டிஜிட்டல் கைது என்பதெல்லாம் பொய். போன், லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் வக்கீலோடு போங்கள். வக்கீலுக்குக் கொடுக்க முடியாதவர்கள் 15100இல் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

8. பிள்ளை ஜெர்மனியில் படித்தால்

மேலே சொன்ன எதையும் அங்கே பொருத்தாதீர்கள். அங்கே படைப்பின் உரிமையாளருடைய வக்கீல் நீதிமன்ற அனுமதியோடு இணைய நிறுவனத்திடம் பெயரை வாங்கி, வீட்டுக்கே அப்மானுங் எனப்படும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார். சில நூறு யூரோ கேட்பது சாதாரணம். அது மோசடி என்று குப்பையில் போட்டால் செலவு கூடும். கூடவே இணைத்திருக்கும், இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டாலும் ஆபத்து, அது காலத்துக்கும் கட்டுப்படுத்தும். கடிதத்தில் உள்ள கெடு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான். அதற்குள் அங்குள்ள நுகர்வோர் மையத்திலோ பல்கலைக்கழக மாணவர் சட்ட ஆலோசனையிலோ காட்டி, திருத்திய உறுதிமொழியைத்தான் அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் புகார் வரும் கணக்கை மூடும் கொள்கை நிறுவனங்களுக்கு உண்டு, பல்கலைக்கழக விடுதி வைஃபையும் அதில் சேர்த்தி. நம் ஊரில் லேப்டாப்பில் போட்டுக்கொடுத்த டொரண்ட் செயலி விமானம் ஏறிப் போய், அங்கே வைஃபை கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தானே ஓடத் தொடங்கும். பெட்டி கட்டும் முன் அதை நீக்கிவிடுங்கள்.